நாற்பத்தைந்தாம் எண்

எங்கள் பள்ளியில் பிள்ளைகளைப் பெயரைவிட எண்ணால் அழைப்பதே எளிதாக இருந்தது. மராட்டிய மாநிலத்தில், லோஹேகாவ் விமானப்படை நிலையத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளி அது. தகப்பனுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் பருவத்தின் நடுவில்கூடப் பிள்ளை கிளம்பிவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கணித ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரத்தில், மூத்த ஆசிரியை ஒருவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து எனக்கு முறையைக் காட்டினார். போன பிள்ளையின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அடுத்து வரும் பிள்ளைக்கு அந்தக் காலி எண். எண்ணைக் காலியாக விட்டால் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் கணக்கு இடிக்கும் என்றார்.

நான் ஒழுங்கை விரும்புகிறவள். அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பிள்ளை போனால் போனதுதான். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபின் அதற்கு நானும் எனக்கு அதுவும் இல்லை. புதிய ஊரில் இன்னொரு ஆசிரியை இருப்பாள், அவள் பார்த்துக்கொள்வாள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படித்தான் நினைத்துக்கொண்டு ஹடப்சரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போய் வந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் பிரின்சிபால் என்னையும் கம்ப்யூட்டர் ஆசிரியரையும் அழைத்தார். கணிதத்துக்கு இணையத்தில் ஏதாவது ஒரு பாடத்தளத்தைத் தேர்ந்தெடுத்து, பதினொன்றாம் வகுப்பில் தொடங்க வேண்டும். செலவில்லாததாக இருக்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் சர் மராட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரோடு நான் பேசியதெல்லாம் இந்தியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் தளங்களைத் தேடிக் கொண்டுவருவார், நான் சோதிப்பேன். என் சோதனை முறை அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகளை நான் வேண்டுமென்றே செய்வேன். சமக்குறியைத் தாண்டும்போது கழித்தல் குறியைத் தொலைப்பேன். வர்க்கமூலத்தில் ஒரு விடையை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடுவேன். தளம் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். சரியான விடைக்கு முயல் ஒன்று வந்து கைதட்டும் தளம் அவருக்குப் பிடித்திருந்தது. தவறான விடைக்கும் அதே முயல் அழுதுவிட்டுப் போனது, ஏன் தவறு என்று சொல்லவில்லை. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இன்னொன்றில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான் முடிந்தது. அதையும் அடித்தேன்.

“பொண்ணு பாக்கப் போனா அந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பாக்கற ஆள் மேடம் நீங்க” என்றார்.

வியாழக்கிழமைகளில் பராமரிப்புக்காக மின்சாரம் நின்றுவிடும். கணினி அறை இருட்டாக இருக்கும். அன்று மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அதுவரை பார்த்த தளங்களின் குறைகளை அவர் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். கடைசியில் ஒரு தளம் தேறியது. முயல் இல்லை, வண்ணம் இல்லை. ஆனால் பிள்ளை ஒவ்வொரு படியாகக் கணக்கை எழுதலாம், நான் எந்தப் படியிலும் குறிப்பு எழுதலாம். பிள்ளை முதல் நாளிலிருந்து செய்த அத்தனையும் அதன் பக்கத்தில் தங்கியிருக்கும். மெதுவான இணைப்பிலும் திறந்தது. இலவசப் பிரிவில் ஒரு பள்ளிக்கு, ஒரு பாடத்துக்கு, பிள்ளைக்கு ஒன்றாக நாற்பத்தைந்து பயனர் கணக்குகள். அதற்கு மேல் இல்லை.

பயனர் கணக்குகளுக்குப் பிள்ளைகளின் பெயரை வைப்பதா என்ற கேள்வி வந்தபோது கம்ப்யூட்டர் சர் சிரித்தார். நம் பிள்ளைகளின் பெயரை வைத்தால் பருவத்துக்குப் பாதி பெயரை மாற்ற வேண்டும். பதிவேட்டு எண்ணையே வைத்துவிடலாம் என்றார். ஒன்று முதல் நாற்பத்தைந்து வரை. பிள்ளை போனால் பாஸ்வேர்டை மாற்றி அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். எங்கள் இருவருக்கும் அது ஒரு முடிவு எடுத்ததாகவே தோன்றவில்லை. பள்ளியில் எல்லாமே அப்படித்தான் நடந்தது.

பதினேழாம் எண் ஒரு சார்ஜென்டின் மகள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அந்தப் பெண் திருநெல்வேலியைக் கோடை விடுமுறைகளில் மட்டும் பார்த்திருந்தாள். எங்கள் பள்ளி அவளுக்கு ஐந்தாவது. வீட்டில் தமிழ் பேசினாலும் யோசித்து யோசித்துத்தான் வார்த்தை வரும். கணிதத்தில் அவளுக்கு விசித்திரமான பள்ளங்கள் இருந்தன. வட்டத்தின் தொடுகோட்டை இரண்டு பள்ளிகளில் படித்திருந்தாள். முக்கோணவியலை எங்கேயும் படித்ததில்லை. அவள் ஒரு பள்ளியை விட்ட பிறகு அங்கே அந்தப் பாடம் தொடங்கியிருக்கும். புதிய பள்ளிக்கு அவள் போவதற்குள் அங்கே முடிந்திருக்கும்.

தளம் அவளுக்குப் பிடித்துப்போனது. பின்னால் போய்ப் பார்க்க முடிகிறதே என்று ஒருநாள் சொன்னாள். அவள் எழுதும் விதத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. விடை வந்தபின் அதை எடுத்துப்போய்க் கேள்வியில் பொருத்திப் பார்த்து, அதையும் கீழே ஒரு வரியாக எழுதுவாள். வகுப்பில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. செய்யச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. பொறியியல் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவுக்குத் தொழில்நுட்பப் பிரிவில் வேலை. விமானத்தின் வயிற்றைத் திறந்து பார்க்கும் வேலையை அவர் வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவள்.

தீபாவளி முடிந்து அவருக்கு வடகிழக்கில் ஒரு சிறிய நிலையத்துக்கு மாற்றல் வந்தது. மாற்றுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

“மேடம், அங்க ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர் இல்லையாம். பப்பா கேட்டாங்க. ரெண்டு வருஷமா போஸ்ட் காலியாம்.”

உடனே அடுத்ததைக் கேட்டாள்.

“பதினேழு என்கிட்டயே இருக்குமா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகும் எனக்கு மாணவியாக இருக்க முடியும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தேர்ந்தெடுத்த நாட்களில் நான் எழுதிய எந்தச் சோதனையிலும் அது இல்லை.

பிரின்சிபால் மறுக்கவில்லை. புதிய நிலையத்தில் குடும்பங்களுக்கென்று ஒரு கணினி அறை இருந்தது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். ஆனால் அனுமதி பெற்ற தளங்கள் மட்டும்தான் அங்கே திறக்கும்; மின்னஞ்சல் கிடையாது. எங்கள் தளத்துக்கு அனுமதி வேண்டிப் பிரின்சிபால் ஒரு கடிதம் கொடுத்தார். ஒரு நிபந்தனையையும் சொன்னார்: பதிவேட்டில் இருக்கும் பிள்ளைக்குத்தான் முதலிடம். நியாயமான நிபந்தனை. நான் தலையாட்டினேன்.

அதன்பின் திங்கட்கிழமை காலையில் கணினி அறைக்குப் போவது எனக்கு வழக்கமாயிற்று. சனிக்கிழமை அவள் செய்த கணக்குகள் காத்திருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் அந்தச் சரிபார்க்கும் வரியோடு. நான் குறிப்பு எழுதுவேன். அடுத்த சனிக்கிழமை அவள் அதைப் படித்துத் திருத்துவாள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் முக்கோணவியலின் பள்ளம் மெதுவாக நிரம்பியது. வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த பலரைவிட அவளோடு எனக்கு அதிகம் பேச்சு இருந்தது என்று சொல்லலாம், அந்தப் பேச்சு முழுவதும் சமன்பாடுகளாக இருந்தாலும்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை பதினேழாம் பக்கத்தைத் திறந்தேன். விடைகள் சரியாக இருந்தன. கீழே சரிபார்த்த வரி இல்லை. இரண்டாவது கணக்கிலும் இல்லை. இது வேறு கை என்று புரிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அலுவலகம் காலியாக இருந்த பதினேழைக் கொடுத்திருந்தது. புதுப் பருவம் என்பதால் கம்ப்யூட்டர் சர் வழக்கம்போல் எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றிச் சீட்டுக் கொடுத்திருந்தார்.

“பதிவேட்டுல பதினேழு வந்தாச்சு மேடம். நான் என்ன பண்ண?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கடைசில ஒரு நாற்காலி போடலாம், நாற்பத்தஞ்சு. அது நிரம்ப நாளாகும்” என்றார்.

பதினேழில் இருந்த அவளுடைய கணக்குகளைக் கம்ப்யூட்டர் சர் ஒவ்வொன்றாக நாற்பத்தைந்துக்கு மாற்றினார். அவளுடைய அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குக் கூப்பிடுவார். அங்கிருந்து கூப்பிட முடியும். நான் திரும்பக் கூப்பிட அவர்களிடம் தொலைபேசி இல்லை. புதிய எண்ணையும் பாஸ்வேர்டையும் அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் ஒரு சனிக்கிழமை வீணாகியிருந்தது.

அப்போது வகுப்பில் முப்பத்தொன்பது பேர். வகுப்பு பன்னிரண்டுக்கு ஏறியது. மே, ஜூன் மாற்றல் காலம். போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம். ஆசிரியர் அறையில் யாராவது “புது அட்மிஷன்” என்று சொன்னால் நான் எந்த வகுப்பு என்று நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினேன். நாற்பத்தொன்று ஆயிற்று. நாற்பத்திரண்டு ஆயிற்று. யாருடைய தகப்பனுக்காவது மாற்றல் வராதா என்ற எண்ணம் எழுந்தபோது, அதை விலக்கிவிட்டு விடைத்தாள்களை எடுத்துக்கொண்டேன். வடகிழக்கில் அவள் தொகைநுண்கணிதத்துக்கு வந்திருந்தாள். வகுப்பைவிட ஓர் அத்தியாயம்தான் பின்னால்.

மழைக்காலத்தில் எங்கள் லோஹேகாவ் நிலையத்துக்கு ஒரு புதிய பிரிவு வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகள் எங்கள் வகுப்பில் சேர்ந்தார்கள். மறுவாரம் இன்னொரு பெண். அவளுக்கு அலுவலகம் எழுதிக்கொடுத்த எண் நாற்பத்தைந்து.

பிரின்சிபாலிடம் போனேன். மழையில் அவருடைய அறை ஜன்னல் மூடியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. தளத்தில் கூடுதல் எண்களோடு இன்னொரு வகுப்புப் பக்கம் தொடங்க முடியாதா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் சர் முன்பே எழுதிக் கேட்டிருந்தார். இலவசத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்புப் பக்கம்தான் என்று தளத்திலிருந்து பதில் வந்திருந்தது. முழுத் தளத்தை வாங்குவது நிர்வாகத்தின் கையில். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார் பிரின்சிபால். இரண்டு பேரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் என்ன என்றேன். அந்தப் பருவத்திலிருந்து தளத்தின் மதிப்பெண் பருவத் தேர்வோடு சேர்க்கப்பட்டது. யாருடைய மதிப்பெண் யாருக்கு என்று கேட்டார்.

“நீங்க தேர்ந்தெடுத்த தளம்தானே” என்றார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. உண்மையிலேயே வேறு வழி இருக்கிறதா என்று என்னையே கேட்பதுபோல் இருந்தது.

புதிய பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலைவன ஓரத்தில் ஒரு நிலையத்திலிருந்து வந்தவள். பதினொன்றில் பாதி ஆண்டு அவளுக்கும் கணித ஆசிரியர் இருந்ததில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து நான் பலகையில் எழுதும் எல்லாவற்றையும், நான் அழித்துத் திருத்திய பிழைகளையும்கூட, எழுதிக்கொண்டாள். அவளிடம் சீட்டைக் கொடுக்க மாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?

இப்போது மதிப்பெண் சேர்வதால், எண்ணைக் கைமாற்றுமுன் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் சர் கேட்டார். முதலில் அச்செடுங்கள் என்றேன். வடகிழக்கில் இருந்தவள் கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டிருந்தாள், ஒரு மணி நேரம் முடிந்திருக்கும். மீதியை அடுத்த சனிக்கிழமை செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். அச்செடுத்த தாள்களோடு, அந்தக் கணக்கின் மீதியை நான் கையால் எழுதி, தபாலில் அனுப்பினேன். அந்த நிலையத்துக்குத் தபால் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வடகிழக்கிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

“டீச்சர், நேத்து அது திறக்கலையாம்லா. மூணு தடவ அடிச்சுப் பாத்தாளாம்.”

சொன்னேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் பூத்தில் மீட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

“புதுசா வந்த பிள்ளையும் நம்ம ஆளுக பிள்ளைதான டீச்சர். அதுக்கும் வேணும்லா” என்றார். பிறகு, “ஏதாவது காலியானா இவளுக்குக் குடுப்பீயளா?”

“காலியானா முதல்ல அவளுக்குத்தாம்மா.”

“நம்ம ஆளுகளுக்கு மாத்தல் வராமலா இருக்கப் போகுது” என்று லேசாகச் சிரித்தார். “அவகிட்ட சொல்லுதேன்.”

மறுவாரம் திங்கட்கிழமை புதிய பெண் கணினி அறையிலிருந்து என்னிடம் வந்தாள். அவளுடைய கணக்கு பூட்டியிருப்பதாகவும், தான் எதுவும் தவறாகச் செய்யவில்லை என்றும் பயந்தபடி சொன்னாள். மூன்று முறை தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் தளம் கணக்கைப் பூட்டிவிடும். ஆசிரியர்தான் திறக்க வேண்டும். திறந்துகொடுத்தேன். அடுத்த திங்களும் அதேபோல். கம்ப்யூட்டர் சர் தளத்தின் பதிவுகளைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். யாரோ வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்க்கிறார்கள், அதுவும் சனிக்கிழமைகளில் மட்டும், பிரின்சிபாலிடம் சொல்ல வேண்டும் என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். சனிக்கிழமை, ஒரே நேரம், மூன்று முயற்சிகள்.

யாரென்று சொன்னேன். எண் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றேன். எண்கள் காலியாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஐந்து பள்ளிகளில் அவள் பார்த்தது அதைத்தான். நாங்கள் தகவல் சொல்லும்வரை காத்திருக்காமல் அவளே பழைய பாஸ்வேர்டோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துவிட்டாரா என்று பார்ப்பதுபோல்.

எப்போதும் ஏதாவது கேலி சொல்லும் மனிதர், நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“விடுங்க மேடம். திங்கட்கிழமை பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி நானே திறந்து வச்சிடறேன்.”

அப்படியே செய்தார். புதிய பெண் பிறகு புகார் சொல்லவில்லை. நான் வடகிழக்குக்குத் தபாலில் கணக்குகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை விடைகள் வந்தன, சரிபார்த்த வரியோடு. நான் திருத்தி அனுப்புவதற்குள் அவள் கேள்வியையே மறந்திருப்பாள் போல. இரண்டாவது கடிதத்தில் ஏற்கெனவே திருத்திய பிழை மீண்டும் இருந்தது. மூன்றாவது வரவில்லை. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளும் நின்றுபோயின.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை நான் கணினி அறைக்குள் நுழைந்தபோது கம்ப்யூட்டர் சர் எனக்காகக் காத்திருந்தார்.

“இன்னிக்குப் பூட்டு இல்லை” என்றார்.

அவளுடைய நிலையத்துக் கணினி அறையில் மின்சாரம் தடைபட்டிருக்கலாம், தளத்துக்கான அனுமதி முடிந்திருக்கலாம், அவளுக்குக் காய்ச்சலாக இருக்கலாம் என்று மூன்று காரணங்களை அன்று நாட்குறிப்பில் எழுதினேன். அடுத்த திங்களும் பூட்டு இல்லை. பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பரில் புதிய பெண்ணின் தகப்பனுக்கு மாற்றல் வந்தது. பொதுத் தேர்வு ஆண்டு என்பதால் தள்ளிவைக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தார், கிடைக்கவில்லை. அவளும் சான்றிதழோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். எண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. போகும் ஊரில் நல்ல பள்ளி இருக்கிறது என்றாள். அலுவலகத்தில் சிவப்புக் கோடு போட்டார்கள். நான் கணினி அறைக்குப் போய், நாற்பத்தைந்தில் இருந்ததை அழித்துவிட்டுப் பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போடச் சொன்னேன். அது கம்ப்யூட்டர் சருக்கு நினைவிருந்தது. சனிக்கிழமைகள் வந்து போயின. நாற்பத்தைந்துக்கு யாரும் வரவில்லை. எண் காலியாக இருக்கிறது என்று வடகிழக்குக்குத் தபாலில் ஓர் அட்டை எழுதிப் போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு வடகிழக்கிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார். குரலில் அவசரம் இல்லை. மறுபடி மாற்றல் வந்திருப்பதாகவும், தேர்வு முடிந்ததும் கிளம்புவதாகவும் சொன்னார். அட்டை வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார்.

“ஸ்கூல்ல தேர்வுக்குப் பேரு குடுக்கையில, வாத்தியாரு இல்லாம கணக்குக்கு ஒத்தப் பிள்ளைய அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்க டீச்சர். அக்டோபர்லயே. அதுக்குப் பதிலா ஹோம் சயின்ஸ் எடுத்திருக்கா. தையல் எல்லாம் உண்டு. நல்லாத்தான் போடுதா.”

போன ஆண்டின் நாட்குறிப்பை எடுத்து அக்டோபரைத் திருப்பினேன்.

“இப்ப அந்த நம்பர் காலியாவா டீச்சர் கெடக்கு?”

“ஆமாம்மா. காலியாத்தான் இருக்கு.”

“கெடக்கட்டும்” என்றார். பிறகு என் உடம்பை விசாரித்தார். ஹடப்சரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார்.

மார்ச் கடைசியில் அந்த ஆண்டின் வகுப்புப் பக்கத்தை மூடினோம். கம்ப்யூட்டர் சர் ஒன்று முதல் ஒவ்வொரு எண்ணாக அழித்துக்கொண்டு வந்தார். கடைசி எண்ணில் அழிக்க எதுவும் இருக்கவில்லை.